ஆங்கிலத்துக்கு எவ்வளவு செலவாகும்?

காவிரி டெல்டாவில் ஜூன் என்றாலே செலவு மாதம். மேட்டூர் அணை வழக்கப்படி 12ஆம் தேதி திறந்தால் குறுவைக்கு உழவு, விதைநெல், நாற்றங்கால், அடியுரம் என்று கையில் பணம் வேண்டும். அதே நாட்களில் பள்ளிக்கூடமும் திறந்துவிடும். கூட்டுறவு வங்கியில் நகையை வைத்து வாங்கும் கடனில் ஒரு பங்கு வயலுக்குப் போகிறது. இன்னொரு பங்கு சத்தமில்லாமல் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் போகிறது. நெல் விற்ற காசு ஆண்டில் இரண்டு முறை வந்தால் பெரிது. அதுவும் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் குவியல் போட்டுக் காத்துக்கிடந்து, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று ஆன பிறகுதான். பள்ளியும் வேனும் டியூஷனும் மாதம் பிறந்ததும் கேட்கும். வரவு பருவத்துக்கு ஒருமுறை, செலவு மாதத்துக்கு ஒருமுறை என்ற இந்த இடைவெளியை வட்டிதான் நிரப்புகிறது.

எதற்காக இந்தப் பாடு என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான்: இங்கிலீஷ். பிள்ளை நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசவேண்டும். கோயம்புத்தூரிலோ சிங்கப்பூரிலோ நேர்காணலில் தலைகுனியக் கூடாது. இந்த ஆசையில் தவறு ஏதும் இல்லை. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணம் இந்த ஆசைக்குத்தான் போய்ச் சேர்கிறதா என்பதே கேள்வி. உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைக்கு வேண்டிய ஆங்கிலத்தைப் பெருமளவு வீட்டிலேயே, மிகக் குறைந்த செலவில் கற்றுவிட முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்குப் பணத்தைவிட மூன்று வேறு பொருள்கள் தேவை: தினமும் ஒரு மணி நேரம், பக்கத்தில் உட்கார ஒருவர், எழுதியதைத் திருத்த ஒருவர். இந்த மூன்றில் கடைசி இரண்டை ஏழை வீட்டுக்குத் தர அரசால் முடியும். ஆனால் அரசு எட்டாம் வகுப்போடு கையை எடுத்துக்கொள்கிறது.

மனப்பாடத்தின் மொழி

ஆங்கில வழியில் சேர்த்துவிட்டால் ஆங்கிலம் தானே வந்துவிடும் என்று நம்புகிறோம். தனியார் பள்ளிகள் மட்டுமல்ல, 2012-13 முதல் அரசுப் பள்ளிகளும் ஆங்கில வழிப் பிரிவுகளைத் திறந்தது இந்த நம்பிக்கைக்குப் பணிந்துதான். வகுப்பறைக்குள் நடப்பது வேறு. ஆசிரியர் அறிவியலையும் வரலாற்றையும் தமிழில் விளக்குகிறார். வேறு வழியில்லை, அப்போதுதான் பிள்ளைகளுக்குப் புரிகிறது. விடையை மட்டும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் உருப்போடுகிறார்கள். ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதும் மாணவி, நேற்று ஏன் வரவில்லை என்பதை இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லத் திணறுகிறாள். அறிவியலும் முழுதாக வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை.

ஆங்கிலப் பாடவேளையின் கதியும் ஏறக்குறைய இதேதான். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளுக்கு 100 மதிப்பெண்; தேற 35 போதும். ஒரு மதிப்பெண் வினாக்கள், மனப்பாடப் பாடல், கடிதம், விளம்பரம், அறிவிப்பு, படத்தைப் பார்த்து எழுதுவது என்று வடிவம் முன்பே தெரிந்த பகுதிகளை வைத்தே கரையேறிவிடலாம். பாடநூலைத் திறக்காமல் கைடை மட்டும் வைத்துத் தேறியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. தாள் முழுவதும் எழுத்துத் தேர்வு என்பதால், கேட்கவும் பேசவும் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இத்தனைக்கும் பாடநூல் மோசமில்லை. 2019-20இல் வந்த பத்தாம் வகுப்பு ஆங்கில நூலில், பறக்கப் பயந்து பாறை விளிம்பில் நிற்கும் கடற்பறவையைப் பற்றி லியாம் ஓஃப்ளாஹர்ட்டி எழுதிய கதை இருக்கிறது. ஜேம்ஸ் தர்பரின் பேய்க் கதையும் சத்யஜித் ராயின் கதையும் இருக்கின்றன. தாய்மொழி வகுப்பு பறிபோகும் கடைசி நாளைச் சொல்லும் அல்போன்ஸ் தோதேயின் கதை இருக்கிறது; ஷெர்லாக் ஹோம்ஸ் கூட வருகிறார். அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த நூல் இலவசம். ஆண்டு முடிவில் பல வீடுகளில் கைடு கிழிந்து தொங்கும். பாடநூல் புதுக்கருக்கு அழியாமல் இருக்கும். கையில் இருக்கும் புத்தகத்தைப் படிக்க வைக்காமல், இல்லாத ஒன்றைத் தேடி மாதக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டில் படிக்கிறவர்கள் யார்?

வீட்டுக் கல்வி என்றதும் பெங்களூரிலோ சென்னையிலோ வசதியுள்ள பெற்றோர், பள்ளி பிடிக்காமல் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைப்பது நினைவுக்கு வரும். டெல்டாவில் வீட்டிலிருந்து படிக்கிறவர்கள் அதை விரும்பித் தேர்ந்தவர்கள் அல்லர். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் தவறி, துணைத்தேர்வு எழுதக் காத்திருப்பவர் ஒருவர். அப்பா இறந்ததும் நெல் மூட்டை தூக்கப் போய், இரண்டு ஆண்டு கழித்துத் தனித்தேர்வராக எழுத நினைப்பவர் இன்னொருவர். ஒன்பதாவதோடு நிறுத்தப்பட்டுத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண் பிள்ளைகள் கணக்கில் வராமல் இருக்கிறார்கள். பள்ளிக்குப் போய்க்கொண்டே, ஆங்கிலத்தை மட்டும் வீட்டில் தாமாகச் சமாளிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள்தான் மிகுதி.

ஒரு காலத்தில் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் டுடோரியல் காலேஜ்கள் இவர்களை நம்பியே நடந்தன. இன்று வேறு வாசல்களும் இருக்கின்றன. மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக எழுத அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழிவைத்திருக்கிறது. 1989இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில், 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கு இணையான படிப்பில் சேரலாம். ஐந்து பாடங்களை ஒரேயடியாக எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு கிடைக்கும். அறுவடைக்கும் நடவுக்கும் போகிற பிள்ளைக்கு இந்த நெகிழ்வு பெரிய உதவி. எந்த வேலைக்கு எந்தச் சான்றிதழை ஏற்பார்கள் என்பதை மட்டும் சேருமுன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது. வாசல் இருக்கிறது, உள்ளே கூட்டிப்போக ஆள் இல்லை.

கும்பகோணத்து ஆங்கிலம்

டெல்டாவுக்கு ஆங்கிலம் புதிதல்ல. 1780களிலேயே ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் முயற்சியால் தஞ்சாவூரில் ஆங்கிலப் பள்ளி வந்துவிட்டது. அவருடைய பராமரிப்பில் வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர் பல ஐரோப்பிய மொழி நூல்களை வரவழைத்து சரஸ்வதி மகாலில் சேர்த்தார். 1854இல் தொடங்கிய கும்பகோணம் கல்லூரியைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அழைத்தார்கள். வலங்கைமானில் எளிய குடும்பத்தில் 1869இல் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி கும்பகோணத்தில் படித்தார். மாயவரத்தில் ஆசிரியராக இருந்தார். பிறகு உலகெங்கும் ஆங்கிலத்தில் பேசி, வெள்ளி நாக்கு படைத்தவர் என்று ஆங்கிலேயரிடமே பெயர் வாங்கினார்.

அதே கல்லூரியின் இன்னொரு மாணவர் சீனிவாச ராமானுஜன். கடன் வாங்கிவந்த ஒரு கணித நூலை வைத்துக்கொண்டு வீட்டில் தாமாகவே கணிதத்தின் உச்சிக்கு ஏறிய அவர், 1904இல் உதவித்தொகையோடு கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகை பறிபோனது, படிப்பும் நின்றது. 1913இல் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை ஆங்கிலத்தில்தான் எழுதி அனுப்பினார். சொல்வதற்கு ஒரு விஷயமும் அதைக் கேட்க ஒரு ஆளும் இருந்தபோது மொழி அவருக்குத் தடையாக நிற்கவில்லை. தேர்வுக் கட்டுரையில் அவரை வீழ்த்திய அதே மொழிதான் அது. இன்றும் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தவறுகிற ஒரு பிள்ளையிடம் வேறு என்ன திறமை இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை.

பழைய பெருமையைப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த ஆங்கிலம் அக்கிரகாரங்களையும் மிராசு வீடுகளையும் தாண்டி வெகுதூரம் போகவில்லை. வயலில் நின்றவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே விடுதலைக்குப் பிறகு, மதிய உணவும் அரசுப் பள்ளியும் ஊருக்குள் வந்த பிறகுதான் கிடைத்தது. வீட்டில் ஆங்கிலம் தெரிந்த தாத்தா இருப்பது ஒரு தலைமுறைச் சொத்து. அது இல்லாத வீடுகள்தான் இன்று கட்டணம் கட்டி அந்தக் குறையை நிரப்பப் பார்க்கின்றன. எனவே, வீட்டிலேயே படிக்கலாம் என்ற யோசனை, அந்தச் சொத்து இல்லாத வீட்டுக்கும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அது வெறும் உபதேசம்.

படிப்பு முதலில், பேச்சு பிறகு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்காளத்தில் கல்வி அதிகாரியாக இருந்த மைக்கேல் வெஸ்ட் இதே சிக்கலை எதிர்கொண்டார். கிராமத்துப் பிள்ளைகள் சில ஆண்டுகளே பள்ளியில் இருப்பார்கள். அதற்குள் அரைகுறையாகக் கற்ற பேச்சு பள்ளியை விட்டதும் மறந்துபோகும். படிக்கக் கற்றுக்கொண்டவரோ ஆசிரியர் இல்லாமலே தொடரலாம் என்று அவர் கண்டார். அதனால் வாசிப்புக்கு முதலிடம் கொடுத்து, புதிய சொற்களைச் சிறிது சிறிதாக மட்டும் நுழைக்கும் எளிய வாசகங்களை எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்களே இருந்தன. அந்த அளவு கைவந்தால் அன்றாட ஆங்கில எழுத்தில் பெரும்பகுதி திறந்துகொள்ளும்.

கையில் காசில்லாத வீட்டுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளை பத்தாம் வகுப்பு நூலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஆறாம் வகுப்பு ஆங்கில நூல் தடையில்லாமல் ஓடினால் அங்கே தொடங்கலாம். ஏழு, எட்டு என்று மாதங்களில் ஏறிவிடலாம். பக்கத்துக்கு இருபது சொல்லுக்கு அகராதியைப் புரட்டும் புத்தகம் அந்த வயதுக்கு எரிச்சலையே தரும். எளியதை நிறையப் படிப்பதில் கூச்சம் வேண்டாம். கூச்சம் வரும் என்பதால்தான் வீடு அதற்கு ஏற்ற இடம். வகுப்பில் ஆறாம் வகுப்பு நூலை எடுத்தால் சிரிப்பார்கள்.

இரண்டாவது பாடம் நமக்கு இன்னும் பக்கத்திலிருந்து வருகிறது. 1979 முதல் 1984 வரை மொழிக் கல்வியாளர் என்.எஸ். பிரபு பெங்களூரை மையமாகக் கொண்டு தென்னிந்தியாவின் சாதாரணப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, அவற்றிலுள்ள சிக்கலை ஆங்கிலத்திலேயே யோசித்து விடுவிக்கச் சொன்னார். கவனம் விடையில் இருக்கும்போது மொழி உள்ளே இறங்குகிறது என்பது அவர் வாதம். உலகம் முழுவதும் மொழியாசிரியர்கள் இன்று பேசும் செயல்வழி மொழிக் கல்விக்கு இந்தச் சோதனை ஒரு முக்கியத் தொடக்கம்.

டெல்டாவில் இப்படிப்பட்ட பயிற்சிக்குப் பஞ்சமில்லை. ஆங்கில நாளிதழில் மேட்டூர் அணையின் நீர்மட்டச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 120 அடியில் இன்று எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்ற செய்தியை ஒரத்தநாட்டுப் பையன் வாக்கியம் முடியுமுன்பே புரிந்துகொள்வான். கியூசெக், டி.எம்.சி., இன்ஃப்ளோ, டிஸ்சார்ஜ் எல்லாம் டீக்கடையிலேயே அவன் காதில் விழுந்தவை. நேற்றைவிட எவ்வளவு கூடியது, ஏன் கூடியிருக்கும், கல்லணைக்குத் தண்ணீர் எப்போது வரலாம் என்று மூன்று வாக்கியம் தினமும் நோட்டில் எழுதினால், இறந்தகாலமும் எதிர்காலமும் ஒப்பீடும் காரணம் சொல்வதும் ஒரு பருவத்துக்குள் கைக்கு வந்துவிடும்.

பூச்சிமருந்து டப்பாவோடு வரும் துண்டுத்தாள் இன்னொரு பாடம். சிவப்பு முக்கோணம் போட்டிருந்தால் மிகக் கொடிய நஞ்சு. பிறகு மஞ்சள், நீலம், பச்சை. அளவு ஹெக்டேருக்கு என்று போட்டிருக்கும். நம் வயலோ மாக் கணக்கு. ஹெக்டேருக்கு 500 மில்லி என்றிருந்தால் மூன்று மாவுக்கு, அதாவது ஒரு ஏக்கருக்கு, ஏறத்தாழ 200 மில்லி. இதைப் படித்து, கணக்குப் போட்டு, அப்பாவுக்குத் தமிழில் சொல்லும் பிள்ளைக்கு ஆங்கிலம் எதற்கு என்ற கேள்வி வராது. மன்னார்குடியிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தமும் அப்படித்தான். சம்பளத்தில் என்ன பிடிப்பார்கள், எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். படிக்காமலே கையெழுத்திட்டு அல்லல்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

பயன்பாடு மட்டும் போதாது. கூலி வீட்டுப் பிள்ளைக்கு விண்ணப்ப ஆங்கிலம், வசதி வீட்டுப் பிள்ளைக்குக் கதையும் கவிதையும் என்று பிரிப்பது பழைய மேட்டிமையின் புது வடிவம். ஆர்.கே. நாராயணின் 1935ஆம் ஆண்டு நாவலில் சுவாமியும் அவன் நண்பர்களும் பள்ளிக்கு மட்டம் போட நினைப்பதைப் படித்துச் சிரிக்கும் உரிமை திருத்துறைப்பூண்டிப் பையனுக்கும் உண்டு. அந்த நாவலின் ஆங்கிலம் எளியது; அதன் தெருவும் வீடும் நமக்குத் தெரிந்தவை.

எங்கே காசு, எங்கே இலவசம்

கணக்கைப் பார்ப்போம். மாநில அரசின் எல்லா வகுப்பு நூல்களும் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் நூல்களும் இணையத்தில் இலவசம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் படிநிலை வாரியாகக் கதைகள் இருக்கின்றன. ஒரே கதை ஆங்கிலத்திலும் தமிழிலும் கிடைப்பதால் ஒப்பிட்டுப் படிக்கலாம். பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்கள் குட்டன்பெர்க் தளத்திலும், அவற்றின் குரல் பதிவுகள் லிப்ரிவாக்ஸ் தளத்திலும் இலவசம். பாடநூலில் வரும் ஷெர்லாக் ஹோம்ஸ் பாடத்தின் மூலக்கதையை அங்கே தேடிப் படிக்கலாம், காதாலும் கேட்கலாம். துணைப்பாடத்தில் வரும் டெம்பெஸ்ட் நாடகத்தை லாம் உடன்பிறப்புகள் 1807இல் கதையாக எழுதியிருப்பதும் அங்கே உண்டு.

சிறு செலவு சில. பழைய புத்தகக் கடையில் ஒரு ரென் அண்டு மார்ட்டின் இலக்கணம், ஒரு லிப்கோ அகராதி, இரண்டு நோட்டு, கிளை நூலக உறுப்பினர் தொகை. ஆங்கில நாளிதழை நாலு வீடு சேர்ந்து வாங்கலாம். நூலகத்தில் என்றால் அந்தச் செலவும் மிச்சம். செல்பேசி அப்பாவோடு வயலுக்கோ வேலைக்கோ போய்விட்டு இரவில்தான் வீட்டுக்கு வரும் என்பதால், முடிந்தவரை அச்சுப் புத்தகத்தையே நம்புவது மேல். மொழிபெயர்ப்புச் செயலியைத் தாம் எழுதியதைச் சரிபார்க்கப் பயன்படுத்தலாம். எழுதவே பயன்படுத்தினால் ஒன்றும் ஒட்டாது.

காசு கொடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: திருத்தம். வாரம் ஒரு பக்கம் எழுதி, ஆங்கிலம் அறிந்த ஒருவரிடம் கொடுத்து, எந்த வாக்கியம் ஏன் பிழை என்று உட்கார்ந்து கேட்பதற்கு ஈடு எதுவும் இல்லை. நாள்தோறும் முப்பது பேரை உட்காரவைத்துக் கைடு விடையைச் சொல்லித்தரும் டியூஷனில் இது கிடைக்காது. மாதக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கோ, ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் ஊர்ப் பெண்ணுக்கோ இந்த ஒரே வேலைக்காகக் கொடுத்தால், இரு வீட்டுக்கும் பயன்.

இங்கிலீஷ் தெரியாத அம்மா

எனக்கே இங்கிலீஷ் தெரியாது, நான் எப்படிச் சொல்லித்தர என்று அம்மாக்கள் கேட்பார்கள். சொல்லித்தர வேண்டாம், கேட்டால் போதும். பிள்ளை ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கட்டும். பிறகு அதில் என்ன இருக்கிறது என்று தமிழில் சொல்லட்டும். கதை தொடர்பறுந்தால், ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கும் உடனே தெரிந்துவிடும். அப்புறம் அந்தப் பறவை பறந்ததா இல்லையா என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி, பிள்ளையை மறுபடி பக்கத்துக்குத் திருப்பும். தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் ஆங்கிலத்திலும் சொல்ல ஏதாவது இருக்கும். தமிழை நிறுத்தினால் ஆங்கிலம் வளரும் என்று நினைத்து, வீட்டில் மம்மி டாடி என்று மட்டும் பேசவைப்பதால் எதுவும் நடக்காது.

நேரம் பற்றியும் ஒரு சொல். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு மற்ற நாளில் விட்டுவிடுவது வீண். தண்ணீர் குறைந்த ஆண்டில் முறைவைத்துப் பாய்ச்சுவதுபோல் தினம் கொஞ்சம், தவறாமல் என்பதே கணக்கு. டெல்டாவின் ஆண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை எளிய வாசிப்பு. வடகிழக்குப் பருவமழையில் பள்ளிக்கு அடிக்கடி விடுமுறை விடும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எழுத்துப் பயிற்சி. சம்பா அறுவடை உச்சத்தில் இருக்கும் தை, மாசியில் வீட்டில் யாருக்கும் நேரம் இருக்காது, பொதுத்தேர்வும் நெருங்கிவிடும். அதற்குள் அடித்தளம் போட்டிருந்தால், அந்த இரண்டு மாதம் பழைய வினாத்தாள்களைப் பார்க்கப் போதும்.

எட்டாம் வகுப்போடு நிற்கும் அரசு

வீட்டிலேயே படிக்கலாம் என்று சொல்லும்போது ஒரு மறுப்பு எழும், எழவேண்டும். ஏழை வீட்டின் தலையில் பொறுப்பைக் கட்டிவிட்டு அரசை விட்டுவிடுவதா? கூலிக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பும் அம்மாவுக்கு ஏது ஒரு மணி நேரம்? சரியான கேள்வி. வீட்டால் முடியாதவையும் உண்டு. ஆங்கிலத்தில் பேசிப் பழகக் கூட்டாளிகள் வேண்டும். உச்சரிப்பைக் கேட்டுத் திருத்தக் காது வேண்டும். இவற்றைத் தெரு அளவில் ஏற்பாடு செய்ய முடியும். இல்லம் தேடிக் கல்வி அதைச் செய்துகாட்டியது.

2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், கொரோனாவில் பள்ளியை இழந்த பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் அவரவர் தெருவிலேயே தன்னார்வலர்கள் வகுப்பு எடுத்தார்கள். ஏறத்தாழ 2 லட்சம் பேர் பணியாற்றினார்கள், பெரும்பாலோர் பெண்கள். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். கோயில் மண்டபத்திலும் திண்ணையிலும் வகுப்பு நடந்தது. ஆனால் அது 1 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கும்தான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் எல்லையும் 14 வயது. சட்டமும் திட்டமும் ஒரே இடத்தில் நின்றுவிட்டன. பொதுத்தேர்வு வருவதும், பிள்ளை வேலைக்கு இழுக்கப்படுவதும், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவதும் அந்த இடத்துக்குப் பிறகுதான்.

எனவே, கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, அதே மாதிரியை 9, 10ஆம் வகுப்பு ஆங்கிலத்துக்கு நீட்டிப்பது. தன்னார்வலருக்கு முதன்மை வேலை பாடம் நடத்துவதல்ல, எழுதியதைத் திருத்துவதும் பேசவைப்பதும். இரண்டு, துணைத்தேர்வர்களையும் தனித்தேர்வர்களையும் அதில் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கும் பாடநூலை இலவசமாகத் தருவது. பள்ளியை விட்டவர் என்பதற்காக அவரிடம் மட்டும் புத்தகத்துக்குக் காசு கேட்பதில் நியாயமில்லை. மூன்று, நூலகம்.

நூலகத்தில் டெல்டா நாட்டுக்கே வழிகாட்டியது. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர். 1931 அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசலில், ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டுச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் புத்தகம் கொண்டுபோனது. சென்னை மாகாணம் 1948இல் நூலகச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியை நாம் இன்றுவரை கட்டிவருகிறோம். அந்த வரியில் நடக்கும் ஒவ்வொரு ஊர்ப்புற நூலகத்திலும் எளிய ஆங்கில நூல்களுக்கென ஓர் அலமாரி, ஓர் ஆங்கில நாளிதழ், பிள்ளைகள் பள்ளியிலிருந்தும் வயலிலிருந்தும் திரும்பிய பிறகும் திறந்திருக்கும் கதவு என்று கேட்பது பேராசையல்ல.

அரசு செய்யும்வரை ஊர் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெரியவர், விடுமுறைக்கு வரும் கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆகியோரில் ஒருவராவது இல்லாத ஊர் டெல்டாவில் குறைவு. நகைக்கடனை மீட்டதும் பிள்ளையை எந்தப் பள்ளிக்கு மாற்றலாம் என்று யோசிக்கும் குடும்பம், அதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளட்டும்: நம் பிள்ளை கடந்த வாரம் தானாக ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கத்தை யாராவது படித்துத் திருத்தினார்களா? இல்லை என்றால், பள்ளியை மாற்றியும் பயனில்லை. ஆம் என்றால், இப்போதிருக்கும் பள்ளியே போதும்.